வெளிநாட்டு அன்லாக் போன்களும் வராத அப்டேட்டும்: பற்றுச்சீட்டில் மூன்று விபரங்கள் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா, நுவரெலியா கடைகளில் விற்பனையாகும் விலை கூடிய போன்களில் பல, வெளிநாட்டில் ஒருவர் பாவித்து விட்டு, வலையமைப்புப் பூட்டு நீக்கப்பட்டு இங்கு வந்தவை. அமெரிக்கா, கொரியா, ஜப்பான், டுபாய் என்று வரும் இடங்கள் பல. புதிய போனின் விலையில் பாதிக்கு நல்ல கெமராவும் நல்ல திரையும் கிடைப்பதால் மக்கள் வாங்குகிறார்கள். அதில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் இந்தப் போன்களுக்கு மென்பொருள் அப்டேட் மாதக்கணக்கில் பிந்துவதும், சிலவற்றுக்கு வராமலே போவதும் ஏன் என்று விற்பவர் சொல்வதில்லை, வாங்குபவருக்குக் கேட்கத் தெரிவதில்லை. "தோட்டப் பக்கம் சிக்னல் இல்லை, அதனால்தான்" என்று ஒரு பதிலோடு விஷயம் முடிந்துவிடுகிறது. சிக்னல் ஒரு காரணம்தான். பெரிய காரணங்கள் போனுக்குள்ளேயே இருக்கின்றன. அவற்றை வாங்குவதற்கு முன்னர் கடை மேசையிலேயே ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

முதலில் அப்டேட் வரும் வழி. 2015இல் ஸ்டேஜ்ஃபிரைட் என்ற குறைபாடு வெளியே தெரியவந்தது. ஒரு எம்எம்எஸ் செய்தியை அனுப்பியே போனுக்குள் நுழைய அது வழிவிட்டது. அந்த ஆண்டு ஓகஸ்டிலிருந்து கூகுள் அண்ட்ரொய்டுக்கான பாதுகாப்புத் திருத்தங்களை மாதாந்த அடிப்படையில் வெளியிடத் தொடங்கியது. அந்தத் திருத்தம் நேராக நம் போனுக்கு வந்துவிடாது. குவால்கொம், மீடியாடெக் போன்ற சிப் நிறுவனங்கள் தங்கள் பங்கைச் சேர்க்க வேண்டும். பிறகு போன் தயாரித்த நிறுவனம் தனது மென்பொருளோடு அதை இணைத்துச் சோதிக்க வேண்டும். வலையமைப்பு நிறுவனம் விற்ற போன் என்றால், அழைப்பு, அவசர இலக்கம், வோல்டி (4ஜி வழியாகவே குரல் அழைப்பு எடுக்கும் வசதி) ஆகியவை கெட்டுப்போகவில்லை என்று அந்த நிறுவனமும் பார்த்து அனுமதிக்க வேண்டும். அதற்குப் பிறகும் ஒரே நாளில் எல்லாருக்கும் விடமாட்டார்கள். முதலில் சிலருக்கு அனுப்பி, பிழை எதுவும் வராவிட்டால்தான் படிப்படியாகக் கூட்டுவார்கள். ஆகவே பக்கத்து வீட்டுப் போனுக்கு வந்த அப்டேட் அதே மாதிரியான நம் போனுக்கு இரண்டு வாரம் பிந்தினால் அது கோளாறு அல்ல.

அமெரிக்காவில் எந்த வலையமைப்போடும் சேராமல் விற்கப்படும் போன்களும் பல தடவை வலையமைப்புப் போன்களுக்குப் பின்னர்தான் அப்டேட் பெற்றுள்ளன. ஒரே மென்பொருள் எல்லா வலையமைப்பிலும் ஓட வேண்டியிருப்பதால் சோதனை நீள்கிறது. நம் ஊருக்கு வருபவற்றின் நிலை அதைவிடச் சிக்கலானது. அங்கே ஒரு வலையமைப்பு விற்ற போனின் சிம் பூட்டை நீக்கினால் எந்த சிம்மும் வேலை செய்யும். உள்ளே இருக்கும் மென்பொருளோ அந்த வலையமைப்பினுடையதாகவே இருக்கும். அப்டேட் தேடும்போது போன் தன் மாதிரி இலக்கத்தையும் பிராந்தியக் குறியீட்டையும் சொல்லித்தான் சேவரிடம் கேட்கிறது. பழைய வலையமைப்பின் குறியீட்டோடு இலங்கை சிம்மைப் போட்டுக் கேட்டால், சில மாதிரிகளுக்கு "உங்கள் மென்பொருள் புதியதே" என்ற பதில்தான் எப்போதும் வரும். கடைசிப் பாதுகாப்புத் திருத்தத்தின் திகதியோ இரண்டு வருடம் பழையதாக இருக்கும்.

சாம்சங் போனில் இதை இப்படிப் பார்க்கலாம். செட்டிங்ஸில் அபௌட் போன் பகுதியில் மாதிரி இலக்கம் இருக்கும். எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்தைக் கவனியுங்கள். பி என்றால் பல நாடுகளில் விற்கப்படும் பொது மாதிரி. என் என்றால் கொரியா. யூ என்றால் அமெரிக்க வலையமைப்பு மாதிரி. யூ1 என்றால் அமெரிக்காவிலேயே பூட்டில்லாமல் விற்கப்பட்டது. டபிள்யூ என்றால் கனடா. எழுத்துக்குப் பதிலாகப் பூச்சியம் இருந்தால் சீனா, ஹொங்கொங் பக்கத்துப் போன். அடுத்து சொஃப்ட்வெயர் இன்ஃபர்மேஷனுக்குள் சேர்விஸ் புரொவைடர் என்று தொடங்கும் வரியில் மூன்று எழுத்துக் கொண்ட பிராந்தியக் குறியீடுகள் வரும். எக்ஸ்ஏஏ அமெரிக்கப் பூட்டில்லாப் போன், ஐஎன்எஸ் இந்தியா, எக்ஸ்எஸ்ஜி அமீரகம், கேஓஓ கொரியாவின் பொதுப் போன். எஸ்கேசி, கேடிசி, எல்யூசி ஆகிய மூன்றும் கொரிய வலையமைப்புகளுக்குரியவை.

பிறகு அழைப்புப் பலகையில் *#1234# என்று அடித்தால் ஏபி (பிரதான மென்பொருள்), சிபி (சிக்னலுக்கான மென்பொருள்), சிஎஸ்சி (பிராந்திய அமைப்பு) என்று மூன்று நீண்ட வரிகள் வரும். ஏபி வரியின் கடைசி மூன்று குறிகள் போதும். முதலாவது ஆண்டு: வி 2022, டபிள்யூ 2023, எக்ஸ் 2024, வை 2025. இரண்டாவது மாதம்: ஏ ஜனவரி, பி பெப்ரவரி என்று போய் எல் டிசம்பரில் முடியும். மூன்றாவது அந்த மாதத்தில் எத்தனையாவது தயாரிப்பு என்பது. வரி டபிள்யூ, எச், 3 என்று முடிந்தால் அந்த மென்பொருள் 2023 ஓகஸ்டில் செய்யப்பட்டது. கடைக்காரர் "நேற்றுத்தான் அப்டேட் பண்ணினோம்" என்று சொன்னாலும் இந்த மூன்று எழுத்தும் பொய் சொல்லாது. அதே வரியில் கடைசியிலிருந்து ஐந்தாவதாக இருக்கும் எண்ணையோ எழுத்தையோ தனியாகக் குறித்து வையுங்கள். அது பூட்லோடரின், அதாவது போன் ஒன் ஆகும்போது முதலில் ஓடும் உள் மென்பொருளின், படி. அதைவிடக் குறைந்த படியுள்ள மென்பொருளை இந்தப் போன் ஏற்றுக்கொள்ளாது.

எந்த அண்ட்ரொய்ட் போனானாலும் செக்யூரிட்டி பெட்ச் திகதியை, அதாவது கடைசிப் பாதுகாப்புத் திருத்தத்தின் திகதியை, பார்க்க வேண்டும். அது மாதத்தின் 1ஆம் திகதியாகவோ 5ஆம் திகதியாகவோ இருக்கும். 5 என்றால் கேர்னல் (மென்பொருளின் அடித்தளப் பகுதி), சிப் தொடர்பான திருத்தங்களும் சேர்ந்தவை. பழைய மாதிரிகளுக்கு நிறுவனங்கள் மாதம் ஒன்று என்பதைக் குறைத்து மூன்று மாதத்துக்கு ஒன்று, பிறகு ஆறு மாதத்துக்கு ஒன்று என்று அனுப்புவதால், மூன்று மாதம் பிந்திய திகதியைப் பார்த்துப் பதற வேண்டியதில்லை. ஒரு வருடம் பிந்தியிருந்தால் காரணத்தைத் தேட வேண்டும்.

அந்தத் தேடலில் முதலில் பார்க்க வேண்டியது காலம் முடிந்துவிட்டதா என்பது. இங்கேதான் மக்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். ஏழு ஆண்டு அப்டேட், ஐந்து ஆண்டு அப்டேட் என்றெல்லாம் நிறுவனங்கள் சொல்லும் கணக்கு அந்த மாதிரி உலகில் முதலில் வெளியான நாளிலிருந்து ஓடுகிறது, நாம் வாங்கிய நாளிலிருந்து அல்ல. 2019இல் வந்த சாம்சங் எஸ்10 வரிசை அண்ட்ரொய்ட் 12உடன் நின்றது. 2020இன் எஸ்20 வரிசை 13உடன் நின்றது. 2022 பெப்ரவரியில் வெளியான எஸ்22க்கு ஐந்து ஆண்டு பாதுகாப்புத் திருத்தம் என்றால் கணக்கு 2027இல் முடிகிறது. ஏழு ஆண்டு என்ற வாக்குறுதி கூகுள் பிக்சல் 8இலிருந்தும் சாம்சங் எஸ்24இலிருந்தும் தொடங்கியது. அவற்றுக்கு முந்திய போன்களுக்கு அது பொருந்தாது. பளபளப்பான பழைய உயர்ரகப் போனைவிட, காலம் மிச்சமிருக்கும் நடுத்தர ஏ வரிசைப் போன் தோட்டத்தில் வேலை செய்யும் ஒரு குடும்பத்துக்குப் பெறுமதியானது என்பது எங்கள் உறுதியான அபிப்பிராயம்.

இரண்டாவது காரணம் கவலைக்குரியது. செட்டிங்ஸில் சொஃப்ட்வெயர் அப்டேட் என்ற பகுதியே இல்லையென்றால், அல்லது தொட்டதும் மூடிக்கொண்டால், யாரோ அதைத் திட்டமிட்டு முடக்கியிருக்கிறார்கள். வெளிநாட்டில் தவணை முறையில் வாங்கப்பட்டு தவணை கட்டி முடியாத போன்களிலும், கம்பனிகள் தங்கள் ஊழியர்களுக்குக் கொடுத்து நிர்வகிக்கும் போன்களிலும் தூரத்திலிருந்து பூட்டும் வசதி உண்டு. அதைத் தற்காலிகமாக மறைத்து விற்பவர்கள், அப்டேட் ஆனால் பூட்டு திரும்பிவிடும் என்பதால் அப்டேட்டையே நிறுத்தி வைக்கிறார்கள். இப்படிப்பட்ட போனை ஒரு தடவை ரீசெட் செய்தாலும் திரையில் பூட்டு வந்து நிற்கலாம். அதன் பிறகு பணம் போனதுதான். அப்டேட் பகுதி இல்லாத போனை எந்த விலைக்கும் வாங்காதீர்கள்.

ரெட்மி, போக்கோ போன்களில் வேறொரு சிக்கல். சீனாவுக்கென்று செய்யப்பட்ட போனில் உலக மென்பொருளை ஏற்றி விற்பார்கள். மென்பொருள் இலக்கத்தின் கடைசிப் பகுதியில் எம்ஐ இருந்தால் உலகப் பதிப்பு, ஐஎன் இந்தியா, சிஎன் சீனா. உலகப் பதிப்பு என்று காட்டும்போதே போன் ஒன் ஆகும் நேரம் திறந்த பூட்டுப் படம் தெரிந்தால் பூட்லோடர் திறந்திருக்கிறது என்று பொருள். சீன வன்பொருளில் உலக மென்பொருளை வைத்துக்கொண்டு யாராவது பூட்லோடரை மூடிவிட்டால், இந்த மென்பொருளை இந்தச் சாதனத்தில் நிறுவ முடியாது என்ற ஆங்கில வாசகத்தோடு போன் நின்றுவிடும். திறந்தே இருந்தால் பல வங்கிச் செயலிகள் ஓடாது. பிளே ஸ்டோரில் உங்கள் படத்தைத் தொட்டு, செட்டிங்ஸ், அபௌட் என்று போய் பிளே புரொடெக்ட் சேர்டிஃபிகேஷன் என்ற வரியைப் பாருங்கள். சான்றளிக்கப்பட்டது என்று இல்லாவிட்டால் போனைத் திருப்பிக் கொடுங்கள்.

ஐபோனைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அதன் அப்டேட்டை அப்பிள் நேராகவே அனுப்புகிறது, எந்த நாட்டில் வாங்கியதென்ற வேறுபாடு இல்லை. அபௌட் பகுதியில் கெரியர் லொக் என்ற வரியில் நோ சிம் ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ் என்று இருக்க வேண்டும். சிம்மோடு ஒட்டிய மெல்லிய தகடு ஒன்றை வைத்து ஓடும் ஐபோன் உண்மையில் பூட்டு நீங்கியது அல்ல. அடுத்த அப்டேட்டோடு அதில் சிக்னல் போய்விடலாம்.

இனி நம் மலைப்பக்கத்துக்கே உரிய காரணங்கள். எல்லாம் சரியாக இருக்கும் போனிலும் அப்டேட் நின்றுபோவது இங்கே சாதாரணம். பெரும்பாலான போன்கள் அப்டேட்டை வைபையில் மட்டும் தானாக இறக்கும்படி அமைக்கப்பட்டு வருகின்றன. லயத்தில் வைபை ஏது? மொபைல் டேட்டா மட்டும் பாவிக்கும் வீட்டில் அந்தப் போன் என்றைக்கும் தானாக இறக்காது. இரண்டாவது, வட்ஸ்அப், யூடியூப், பேஸ்புக் என்று குறிப்பிட்ட செயலிகளுக்கு மட்டுமான பேக்கேஜ்களைப் போட்டுக்கொண்டு "டேட்டா இருக்கிறது, அப்டேட் வரவில்லை" என்கிறார்கள். அந்த டேட்டா அப்டேட் சேவருக்குச் செல்லாது. எல்லாவற்றுக்கும் பொதுவான டேட்டா வேண்டும். மாதாந்தத் திருத்தம் பெரும்பாலும் சில நூறு எம்பி. அண்ட்ரொய்ட் பதிப்பே மாறும் அப்டேட் இரண்டு மூன்று ஜிபி வரை போகும்.

இதற்கு வழி உண்டு. வீட்டில் இரண்டு போன் இருந்தால் ஒன்றில் பொது டேட்டாவைப் போட்டு ஹொட்ஸ்பொட் திறந்து, அப்டேட் வேண்டிய போனை அதில் இணையுங்கள். அது வைபை என்றே எடுத்துக்கொள்ளும். அப்படியும் இறங்காவிட்டால் அந்த வைபை இணைப்பின் விபரங்களுக்குள் மீட்டர்ட் என்ற தெரிவை மாற்றி, அன்மீட்டர்ட் என்று வையுங்கள். இரவு நேர டேட்டா உள்ள பேக்கேஜ் என்றால் நள்ளிரவுக்குப் பின் இறக்குவது நல்லது, கோபுரத்தில் நெரிசலும் குறைந்திருக்கும். ஹொட்ஸ்பொட் கொடுக்கும் போனைப் பள்ளத்துப் பக்கம் உள்ள அறையில் வைக்காமல், கோபுரம் தெரியும் ஜன்னலோரம் வையுங்கள். இறங்கி முடியும் வரை சார்ஜில் இருக்கட்டும். இடையில் சிக்னல் அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும், அதற்காக ரத்து செய்ய வேண்டாம். ஸ்டோரேஜில் குறைந்தது 8 ஜிபியாவது காலியாக இருந்தால் பெரிய அப்டேட்டும் சிரமமில்லாமல் ஏறும். காலை வணக்கப் படங்களும் திருவிழா வீடியோக்களும் வட்ஸ்அப்பில் நிரம்பியிருப்பதே பல போன்களில் தடை. அவற்றை அழித்தால் போதும்.

அண்ட்ரொய்ட் 10 அல்லது அதற்கு மேற்பட்டதென்றால் கூகுள் பிளே சிஸ்டம் அப்டேட் என்ற இன்னொன்றும் உண்டு. செக்யூரிட்டி பகுதிக்குள் இருக்கும் அதைக் கையால் தொட்டு இறக்கி, போனை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். அது வலையமைப்பையோ பிராந்தியக் குறியீட்டையோ பார்ப்பதில்லை, ஆகவே அப்டேட் நின்ற போனுக்கும் ஓரளவு பாதுகாப்புத் தரும். குரோம் உலாவியையும் பிளே ஸ்டோரில் புதுப்பித்து வைக்கலாம். ஆனால் 2025 ஓகஸ்டில் வந்த குரோம் 139இலிருந்து அண்ட்ரொய்ட் 10 கட்டாயம். 8, 9இல் நிற்கும் போன்களில் வங்கிக் கணக்கை வைத்திருப்பதை நிறுத்துங்கள். சம்பளமும் அரசின் அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவும் வங்கிக் கணக்குக்கு வரும் காலத்தில், வட்ஸ்அப்பில் வரும் ஒரு போலிச் செயலியை நிறுவிவிட்டால் அது திரையில் தெரியும் ஓடிபியையே படிக்க முடியும். அண்ட்ரொய்ட் 13இலிருந்துதான், இப்படி வெளியிலிருந்து வரும் செயலிகளுக்கு திரையில் உள்ளதைப் படிக்கவிடும் எக்சசிபிலிட்டி அனுமதி இலகுவில் கிடைக்காதபடி தடுப்பு வைக்கப்பட்டது. அப்டேட் என்பது புது எமோஜிக்காக அல்ல, இதற்காக.

தானாக வராத சாம்சங் போனுக்குக் கணினி மூலம் ஏற்றலாம். முதலில் ஸ்மார்ட் சுவிட்ச் மென்பொருளில் இணைத்துப் பாருங்கள். அது அப்டேட் காட்டினால் அதுவே பத்திரமான வழி. இல்லாவிட்டால், கணினியிலிருந்து சாம்சங் போனுக்கு மென்பொருள் ஏற்றும் ஒடின் என்ற கருவி. இதைத் தெரிந்த திருத்துநரிடமே செய்விக்க வேண்டும் என்றாலும், அவர் என்ன செய்கிறார் என்பது வாடிக்கையாளருக்கும் தெரிந்திருக்கட்டும். மாதிரி இலக்கம் எழுத்துக்கு எழுத்து ஒத்த மென்பொருளையே எடுக்க வேண்டும். விதிவிலக்காக யூ போனில் யூ1 மென்பொருள் ஏறும், வன்பொருள் ஒன்று என்பதால். பி மாதிரியின் மென்பொருளை யூவில் ஏற்ற முயல வேண்டாம். கோப்புகள் பிஎல் (பூட்லோடர்), ஏபி, சிபி, சிஎஸ்சி என்று நான்கு. கடைசிக் கட்டத்தில் சிஎஸ்சியைப் போட்டால் போனில் உள்ள அனைத்தும் அழியும். ஹோம் சிஎஸ்சியைப் போட்டால் தகவல்கள் இருக்கும், ஆனால் பிராந்தியம் மாறாது. பிராந்தியத்தை மாற்றவே வந்திருக்கிறோம் என்றால் அழிந்தே ஆக வேண்டும். ஆகவே முதலில் படங்கள், தொடர்பு இலக்கங்கள், வட்ஸ்அப் உரையாடல்கள் அனைத்தையும் வேறிடத்தில் சேமிக்க வேண்டும். கூகுள் கணக்கின் கடவுச்சொல் தெரியாமல் இதில் இறங்கினால் ரீகவரியில் ரீசெட் ஆன போன் பழைய கணக்கைக் கேட்டு நிற்கலாம்.

பெட்டரி பாதிக்கு மேல், நல்ல கேபிள், லெப்டொப். மழைக் காலத்தில் மின்சாரம் எந்த நேரமும் போகும் ஊரில் யூபிஎஸ் இல்லாத மேசைக் கணினியில் இந்த வேலையைச் செய்யக் கூடாது. நடுவில் அறுந்தால் அப்டேட் செய்யும்போது பிழை ஏற்பட்டது என்ற ஆங்கில அறிவிப்போடு போன் நிற்கும். அதே மென்பொருளை மறுபடி முழுமையாக ஏற்றினால் பெரும்பாலும் எழும்பும். பிழையான சிபி கோப்பைப் போட்டு சிக்னல் போனதென்றால் மீட்பது கடினம்.

அப்டேட் ஆனாலும் சரிவராத ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். அழைப்பு எடுத்ததும் மேலே 4ஜி அடையாளம் மறைந்து எச் (3ஜி) அல்லது ஈ (2ஜி) வருகிறதென்றால் அந்தப் போனில் வோல்டி வேலை செய்யவில்லை. நம் வலையமைப்புக்கான அமைப்பு அந்த நாட்டு மென்பொருளில் இல்லாததே பல தடவை காரணம். 4ஜி மட்டும் கிடைக்கும் பள்ளத்தாக்குகளில் இப்படிப்பட்ட போனில் இணையம் ஓடும், அழைப்பு வராது. இலங்கையில் அதிகாரபூர்வமாக விற்கப்படாத பிக்சல் போன்கள் அப்டேட்டில் முதலிடம் வகித்தாலும் இந்த விடயத்தில் கவனம் வேண்டும். வாங்கும் முன் உங்கள் சிம்மைப் போட்டு ஓர் அழைப்பு எடுத்துப் பாருங்கள்.

இத்தனையையும் ஒவ்வொரு வாடிக்கையாளரும் தானே கற்றுக்கொள்ள வேண்டும் என்பது நியாயமல்ல. பிரித்தானியாவில் 2024 ஏப்ரல் 29 முதல், இணையத்தோடு இணையும் சாதனங்களுக்குக் குறைந்தபட்சம் எவ்வளவு காலம் பாதுகாப்பு அப்டேட் தரப்படும் என்பதைத் தயாரிப்பாளர் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல், ஒரு மாதிரியின் விற்பனை நிறுத்தப்பட்ட பின்னரும் ஐந்து ஆண்டுகளுக்கு அப்டேட்கள் கிடைக்க வேண்டும் என்பது விதி. நம் நாட்டில் ஒரு பற்றுச்சீட்டில் போனின் பெயரும் விலையும் மட்டும் இருக்கின்றன. அதையும் கேட்டால்தான் தருகிறார்கள். பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபை, பாவித்த போன்கள் உட்பட எல்லாப் போன் விற்பனையிலும் பற்றுச்சீட்டில் மூன்று விபரங்களைக் கட்டாயமாக்க வேண்டும்: எழுத்தோடு சேர்ந்த முழு மாதிரி இலக்கம், மென்பொருளின் பிராந்தியக் குறியீடு, பாதுகாப்பு அப்டேட் முடியும் ஆண்டு. நேர்மையான கடைக்காரர்களுக்கு இது ஒரு நிமிட வேலை, அவர்களுடைய வியாபாரத்துக்கும் நல்லது.

தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடமும் ஒரு வேண்டுகோள். ஐஎம்இஐ என்று ஆங்கிலத்தில் எழுதி இடைவெளி விட்டு, *#06# அடித்தால் வரும், ஒவ்வொரு போனுக்கும் தனியான 15 இலக்கங்களைக் குறுஞ்செய்தியாக 1909க்கு அனுப்பினால் போன் பதிவானதா என்ற பதில் இப்போதே கிடைக்கிறது. அந்த 15இல் முதல் எட்டு இலக்கங்கள் போனின் மாதிரியைக் குறிப்பவை. ஆகவே அதே பதிலில் மாதிரியின் பெயரையும், அதற்குப் பாதுகாப்பு அப்டேட் முடியும் ஆண்டையும் தமிழிலும் சிங்களத்திலும் சேர்த்து அனுப்புவது தொழில்நுட்ப ரீதியில் இயலக்கூடியதே. சாதனங்களுக்கு அனுமதி வழங்கும்போதே இறக்குமதியாளரிடம் இந்த ஆண்டைக் கேட்டுப் பெற்றுப் பதிவு செய்யத் தொடங்கலாம்.

இப்படிக்கு,
கைத்தொலைபேசி திருத்துநர்கள் சிலர்,
ஹட்டன்.